பகிர்ந்தளித்த கோப்பை: ஆசிய இளையோர் கால்பந்தும் தங்கவயலின் மைதானங்களும்

ஆசிய நாடுகளின் இருபது வயதுக்குட்பட்ட அணிகள் தம்முள் மோதிக்கொள்ளும் ஆசிய இளையோர் கால்பந்துப் போட்டி 1959-இல் கோலாலம்பூரில் தொடங்கி, 1978 வரை ஆண்டு தவறாமல் நடைபெற்றது. அந்த இருபது போட்டிகளின் வெற்றியாளர் பட்டியலில் ஒன்பது ஆண்டுகளுக்கு நேரே ஒரு நாட்டின் பெயருக்குப் பதிலாக இரண்டு நாடுகளின் பெயர்கள் இருக்கின்றன. இறுதி ஆட்டம் சமனில் முடிந்தால் இரு அணிகளையும் வென்றவர்களாக அறிவித்துக் கோப்பையைப் பகிர்ந்தளிக்கும் வழக்கம் இப்போட்டியில் வேரூன்றியிருந்தது. இந்தியா இப்போட்டியில் பெற்ற ஒரே பட்டமும், 1974-இல் பாங்காக்கில் ஈரானுடன் அவ்வாறு பகிர்ந்துகொண்டதுதான். 1980-க்குப் பிறகு ஒரு முறைகூடக் கோப்பை பகிரப்படவில்லை. ஆட்ட விதியில் நேர்ந்த சிறிய திருத்தம்போலத் தோன்றும் இம்மாற்றம், இளையோர் கால்பந்து எதற்காக ஆடப்பட்டது என்பதிலேயே நேர்ந்த மாற்றமாகும். கோலார் தங்கவயலைப் போன்ற தொழில்நகரங்களின் மைதானங்களுக்கும் சர்வதேச ஆட்டத்துக்கும் இடையே அகன்றுகொண்டே வந்த தொலைவை விளங்கிக்கொள்ளவும் அதுவே துணைசெய்கிறது.

இப்போட்டி மலாயாவின் முதல் பிரதமரான துங்கு அப்துல் ரகுமானின் எண்ணத்தில் உருவானது. 1954-இல் மணிலாவில் தொடங்கப்பட்ட ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைமையை அவர் 1958-இல் ஏற்றார். அதற்கு முந்திய ஆண்டுதான் மலாயா விடுதலை பெற்றிருந்தது; விடுதலை அறிவிப்புக்கென்றே கட்டப்பட்ட மெர்டேக்கா அரங்கில் அதே ஆண்டு மெர்டேக்கா கால்பந்துப் போட்டியும் தொடங்கியிருந்தது. காலனி ஆட்சியிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்துகொண்டிருந்த நாடுகளுக்கு, ஒருவரையொருவர் சமமாகச் சந்திக்கும் இடங்கள் அன்று மிகக் குறைவு. தூதரகங்கள் புதியவை, வணிகப் பாதைகள் பெரும்பாலும் பழைய ஆட்சியாளர்களின் தலைநகரங்களை நோக்கியே சென்றன, பல நாடுகளின் எல்லைகளே முடிவாகவில்லை. இந்நிலையில் இளைஞர்களை ஆண்டுக்கொரு முறை ஒரே நகரத்தில் இரண்டு வாரம் தங்கவைத்து ஆடச் செய்வது, விளையாட்டுத் திட்டமாக இருந்த அளவுக்கு அரசியல் நல்லெண்ணத் திட்டமாகவும் இருந்தது. முதல் இரண்டு போட்டிகளும் கோலாலம்பூரிலேயே நடந்தன. இரண்டையும் தென்கொரியா வென்றது. மூன்றாவது போட்டி 1961-இல் பாங்காக்குக்குச் சென்றபோது பர்மாவும் இந்தோனேசியாவும் முதன்முறையாகக் கோப்பையைப் பகிர்ந்துகொண்டன.

மலாயாவில் கால்பந்து பரவிய வழியும் தென்னிந்தியாவில் அது பரவிய வழியும் பெரிதும் ஒன்றே. படைமுகாம், மிஷன் பள்ளி, ஆங்கிலேயக் கம்பெனி ஆகிய மூன்றும் பந்தைக் கொண்டுவந்தன. அதை மண்ணில் ஊன்றியவர்கள் உள்ளூர்த் தொழிலாளர்களின் பிள்ளைகள். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்குக் கங்காணிகள், அதாவது ஊர் ஊராகச் சென்று ஆள் திரட்டிய மேற்பார்வையாளர்கள், வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் தமிழரை அழைத்துச் சென்ற அதே கூலிப் பெயர்ச்சியின் இன்னொரு கிளை, மைசூர் சமஸ்தானத்தின் கிழக்கு ஓரத்தில் இருந்த தங்கச் சுரங்கங்களை நோக்கித் திரும்பியது. 1880-இல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனம் கோலாரில் கால்வைத்த பின், மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க் என நான்கு பெரும் சுரங்கங்கள் வளர்ந்தன. இவற்றுள் நந்திதுர்க் சுரங்கம் வயலின் வடபகுதியில் அமைந்தது. சுரங்கத்துக்குள் இறங்கியவர்களில் பெரும்பாலோர் தமிழர். அவர்களிலும் மிகப் பலர் ஒடுக்கப்பட்ட சாதியினர். நிலமற்ற கூலிகளாகச் சொந்த ஊரை விட்டு வந்த அவர்கள், கம்பெனி கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளில் குடியேறினர். அந்த வரிசைகள் இன்றும் ‘லைன்’ என்றே அழைக்கப்படுகின்றன.

அதிகாரிகளுக்குக் கிளப்பும் கோல்ஃப் திடலும் இருந்தன. லைன் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கால்பந்தும் ஹாக்கியும் இருந்தன. மூன்று ஷிஃப்டுகளாகப் பிரிக்கப்பட்ட வேலைநாளில், எந்த நேரத்திலும் ஊரின் ஒரு பகுதியினர் பூமிக்கு அடியிலும், ஒரு பகுதியினர் உறக்கத்திலும், ஒரு பகுதியினர் ஓய்விலும் இருந்தனர். ஆகவே மைதானத்துக்கு ஆடுவோரும் பார்ப்போரும் கிடைப்பது அரிதாக இருக்கவில்லை. சுரங்கம் ஒவ்வொன்றும் தனி ஊர்போல் இயங்கியதால், ஒரு சுரங்கத்தின் அணி இன்னொரு சுரங்கத்தின் அணியோடு மோதுவது அயலூர்ப் போட்டியின் சூட்டோடு நடந்தது. பாறை வெடிப்பு எனப்படும் விபத்து, அதாவது பெரும் ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் பாறை திடீரென்று சிதறுவது, எந்த ஷிஃப்டிலும் நேரலாம் என்ற அச்சத்தோடு வாழ்ந்த மக்களுக்குத் திறந்த வெளியில் வெளிச்சத்தில் ஆடும் ஆட்டம் என்னவாக இருந்திருக்கும் என்பதை எளிதில் உணரலாம்.

தங்கவயல் சேர்ந்திருந்த மைசூர் மாநிலம் அக்காலத்தில் இந்தியக் கால்பந்தின் முன்வரிசையில் இருந்தது என்பதைத் தமிழ் வாசகர்கள் பலர் அறியார். மாநிலங்களுக்கிடையேயான சந்தோஷ் கோப்பையை மைசூர் 1946-இலும் 1952-இலும் வென்றது. 1960-களின் இறுதியில் அடுத்தடுத்து இரண்டு முறை வென்றது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியா அடித்த ஒரே கோல், பெங்களூரின் சாரங்கபாணி ராமன் அடித்தது. பெங்களூர்க் கண்டோன்மெண்டின் தமிழ்க் குடியிருப்புகள் தொடர்ந்து ஆட்டக்காரர்களைத் தந்துகொண்டிருந்தன. அங்கிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவில், மாரிக்குப்பம் ரயில் பாதையின் முனையில் இருந்த தங்கவயல், அதே கால்பந்து நிலத்தின் கிழக்குக் கோடி எனலாம்.

கோப்பையைப் பகிர்ந்தளிக்கும் வழக்கத்துக்கு நடைமுறைக் காரணமும் உண்டு, மனப்பாங்கு சார்ந்த காரணமும் உண்டு. சமனில் முடிந்த ஆட்டத்துக்கு முடிவு காண 1970 வரை உலகக் கால்பந்தில் இரண்டே வழிகள் பெருவழக்காக இருந்தன: ஆட்டத்தை மறுநாளோ அதற்கு மறுநாளோ மீண்டும் நடத்துவது, அல்லது நாணயத்தைச் சுண்டியோ சீட்டுக் குலுக்கியோ பார்ப்பது. இரண்டு வாரத்துக்குள் பல ஆட்டங்களை ஆடிமுடித்து விமானம் ஏறவேண்டிய இளைஞர்களை வைத்துக்கொண்டு மறு ஆட்டம் நடத்துவது கடினம். குலுக்கலோ, ஆடியவர்களின் உழைப்பை அவமதிப்பது. 1968-இல் ஐரோப்பிய நாடுகள் கோப்பையின் அரையிறுதியில் சோவியத் ஒன்றியத்தை இத்தாலி வென்றது நாணயச் சுழற்சியால்தான் என்பதை நினைத்தால், அம்முறையின் கொடுமை விளங்கும். இவ்விரண்டுக்கும் நடுவே, இருவரும் வென்றனர் என்று அறிவிப்பது நேர்மையான தீர்வாகப் பட்டிருக்க வேண்டும். ஆசிய விளையாட்டுகளின் கால்பந்திலும் அதே மரபு காணப்படுகிறது. 1970-இல் பர்மாவும் தென்கொரியாவும், 1978-இல் இரு கொரியாக்களும் தங்கத்தைப் பகிர்ந்துகொண்டன. போர் நிறுத்த உடன்படிக்கையோடு மட்டுமே வாழ்ந்துவந்த இரு கொரியாக்களுக்கு ஒரே மேடை கிடைத்தது அந்த மரபின் பயனே.

பெனால்டி உதைகளால் முடிவு காணும் முறை, அதாவது இரு அணியினரும் மாறி மாறிக் கோல்காவலரை மட்டும் எதிர்கொண்டு பந்தை உதைக்கும் முறை, உலக விதியாக ஏற்கப்பட்டது 1970-இல். அதன் பின்னணியில் இப்போட்டியோடு நெருங்கிய இரு நாடுகளின் பெயர்கள் வருகின்றன. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கின் காலிறுதியில் பல்கேரியாவோடு சமன் செய்த இஸ்ரேல், குலுக்கலில் தோற்று வெளியேறியது. அந்த வேதனையில் யோசெஃப் டகான் என்ற இஸ்ரேலியர் பெனால்டி முறையை முன்மொழிந்தார். ஃபிஃபா எனப்படும் உலகக் கால்பந்துக் கூட்டமைப்பின் நடுவர் குழுவில் அதை எடுத்துச் சென்று வாதாடியவர் மலேசியாவின் கோ எவே டெய்க். இஸ்ரேல் அன்று ஆசியக் கூட்டமைப்பின் உறுப்பு நாடு. இளையோர் கோப்பையை 1964-இலும் 1966-இலும் பர்மாவோடு பகிர்ந்திருந்தது. மலேசியாவோ இளையோர் போட்டியின் பிறப்பிடம். ஆக, பகிர்வை வழக்கமாக்கிய வட்டத்துக்குள்ளிருந்தே பகிர்வை முடிவுக்குக் கொண்டுவந்த கருவியும் உருவானது. ஆயினும் கருவி கைக்கு வந்த பின்னரும் ஆசிய இளையோர் போட்டி உடனே அதைப் பற்றிக்கொள்ளவில்லை. 1974, 1975, 1976, 1978 ஆகிய நான்கு ஆண்டுகளிலும் கோப்பை பகிரப்பட்டது. வேறு வழி இல்லாததால்தான் பகிர்ந்தார்கள் என்ற விளக்கம் இந்நான்கு ஆண்டுகளுக்குப் பொருந்தாது. பகிர்வதையே விரும்பினார்கள் என்றுதான் கொள்ளவேண்டியுள்ளது.

முதல் பன்னிரண்டு ஆண்டுகளின் பெரும் வல்லமை பர்மா. 1961 முதல் 1970 வரை ஏழு முறை அந்நாடு கோப்பையைத் தனித்தோ பகிர்ந்தோ வென்றது. அந்த இளைஞர்கள் வளர்ந்து 1966-இலும் 1970-இலும் ஆசிய விளையாட்டுகளில் தங்கம் வென்றனர். இளையோர் அணி நாளைய தேசிய அணியின் நாற்றங்கால் என்று சொல்வதற்குப் பர்மாவைவிடச் சிறந்த சான்று அக்கால ஆசியாவில் இல்லை. இஸ்ரேல் 1964 முதல் 1972 வரை ஆறு முறை பட்டம் பெற்றது. அரபு நாடுகள் கூட்டமைப்பில் வலுப்பெற்ற பின், 1974-இல் இஸ்ரேல் ஆசியக் கூட்டமைப்பிலிருந்து விலக்கப்பட்டது. 1964-இல் போர்ச் சூழலில் இருந்த சைகோன் நகரமே இப்போட்டியை நடத்தியது என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்கவேண்டும். நல்லெண்ணத் திடலாகத் தொடங்கிய போட்டி, அரசியல் தொடாத தீவாக ஒருபோதும் இருந்ததில்லை.

1974 ஏப்ரலில் பாங்காக்குக்குச் சென்ற இந்திய அணியின் தலைவர் ஹைதராபாத்தின் ஷபீர் அலி. பயிற்றுநர், 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுகளில் தங்கம் வென்ற அணியின் தடுப்பாட்டக்காரரான அருண் கோஷ். இறுதியாட்டத்தில் எதிர்நின்ற ஈரான் சாதாரண அணியன்று. முந்திய ஆண்டு தெஹ்ரானில் நடந்த இளையோர் போட்டியை வென்றிருந்த அந்நாடு, 1973 முதல் 1976 வரை நான்கு ஆண்டுகள் இப்பட்டத்தைக் கைவிடவே இல்லை. பெரியவர்களுக்கான ஆசியக் கோப்பையையும் 1968, 1972, 1976 என மூன்று முறை தொடர்ந்து வென்றது. எண்ணெய்ப் பணம் பாய்ந்த அரங்குகளும் ஆசிய விளையாட்டுகளை நடத்தவிருந்த தலைநகரமும் கொண்ட ஈரானை, இந்திய இளைஞர்கள் 2–2 என்ற கணக்கில் நிறுத்தினர். இரு நாடுகளும் வென்றவையாக அறிவிக்கப்பட்டன. ஷபீர் அலி பின்னர் இந்தியாவின் புகழ்பெற்ற முன்னணி வீரர்களுள் ஒருவரானார். 2011-இல் தியான் சந்த் விருது அவருக்கு வழங்கப்பட்டது. பெனால்டி உதைகள் வைக்கப்பட்டிருந்தால் இந்தியா வென்றிருக்குமா, தோற்றிருக்குமா என்று கணிப்பதில் பயனில்லை. ஈரானின் அன்றைய உச்சத்தில் அதனோடு சமமாக நின்றதே சாதனை. பகிர்வு என்ற விதி அந்தச் சாதனையை உள்ளவாறே பதிவுசெய்தது.

அதே ஆண்டு செப்டம்பரில் தெஹ்ரான் ஆசிய விளையாட்டுகளில் இந்தியாவின் பெரியவர் அணி சீனாவிடம் 1–7 என்ற கணக்கில் தோற்றது. நான்கு ஆண்டுகளுக்கு முன் பாங்காக்கில் வெண்கலம் வென்ற நாடு இந்தியா. ஐந்து மாத இடைவெளியில் நிகழ்ந்த இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, இந்தியக் கால்பந்தின் நோய் ஆட்டக்காரர்களின் திறமையில் இல்லை என்பது தெளிவாகிறது. இருபது வயதுக்குள் ஆசியாவின் உச்சியைத் தொட்டவர்களை, இருபத்தைந்து வயதில் அதே உச்சியில் வைத்திருக்கும் ஏற்பாடு நாட்டில் இல்லை.

பள்ளிகளுக்கான சுப்ரதோ கோப்பை 1960-இலும், மாநில இளையோர் அணிகளுக்கான பி.சி. ராய் கோப்பை 1962-இலும் தொடங்கியிருந்தன. எனவே இளம் ஆட்டக்காரர்களைக் கண்டெடுக்கும் வழி ஓரளவு இருந்தது. கண்டெடுத்த பின் நிகழ்ந்ததுதான் சிக்கல். கல்கத்தாவின் பெரிய கிளப்புகளை எட்டமுடியாத ஆட்டக்காரனுக்கு வாழ்க்கையின் இலக்கு வேலைதான். பெங்களூரில் எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ. போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் அணிகளை நடத்தின. 1964-இல் தோன்றிய பி.இ.எம்.எல். தங்கவயலிலேயே ஆலை அமைத்தது. சுரங்கங்களும் 1956-இல் மைசூர் அரசின் கைக்கும், 1962-இல் மத்திய அரசின் கைக்கும் மாறி, 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற நிறுவனமாயின. இந்நிறுவனங்கள் ஆட்டக்காரனுக்குக் கொடுத்தது மாதச் சம்பளம், மருத்துவ வசதி, ஓய்வூதியம். தலைமுறை தலைமுறையாகப் பூமிக்குள் இறங்கிய குடும்பத்தின் பையன் ஒருவன், பந்தால் மேசை வேலையொன்றைப் பெற்றான் என்றால், அது அக்குடும்ப வரலாற்றில் கோப்பையைவிடப் பெரியது. அதைக் குறைத்து மதிப்பிடுவது அநியாயம். ஆனால் வேலை கிடைத்த நாளே ஆட்டம் தன் கடமையை முடித்துக்கொண்டது. பயிற்சி மாலை நேரத்துக்குச் சுருங்கியது. எதிராளிகள் பெரும்பாலும் அதே நகரத்தின் மற்ற அலுவலகங்கள். ஈரானியருக்கும் கொரியருக்கும் அடுத்தடுத்து கிடைத்துவந்த சர்வதேச ஆட்டங்கள் இந்திய இளைஞனுக்குக் கிடைக்கவில்லை.

பழைய போட்டிக்கு முடிவுகட்டியது 1977. அவ்வாண்டு துனீசியாவில் ஃபிஃபா முதல் உலக இளையோர் கால்பந்துப் போட்டியை நடத்தியது. சோவியத் ஒன்றியம் வென்றது. அதுவரை தன்னளவில் நிறைவுபெற்ற விழாவாக இருந்த ஆசியப் போட்டி, அன்றுமுதல் உலகப் போட்டிக்கான நுழைவாயிலாயிற்று. நுழைவாயிலில் இத்தனை பேருக்குத்தான் இடம் என்ற கணக்கு வந்துவிடுகிறது. யார் உள்ளே, யார் வெளியே என்ற கேள்விக்கு ‘இருவரும்’ என்று பதில் சொல்ல முடியாது. 1978-இல் டாக்காவில் ஈராக்கும் தென்கொரியாவும் கடைசி முறையாகக் கோப்பையைப் பகிர்ந்துகொண்டன. அதன்பின் போட்டி இரண்டாண்டுக்கு ஒரு முறை என்றாயிற்று. எல்லோரும் நேரே வந்து ஆடும் நிலை மாறி, தகுதிச் சுற்றுகள் வலுப்பெற்றன. இதனால் ஆசியக் கால்பந்து உயர்ந்தது என்பதை மறுக்கமுடியாது. 1981-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த உலக இளையோர் போட்டியில் கத்தார், பிரேசிலையும் இங்கிலாந்தையும் வென்று இறுதியாட்டம் வரை சென்றது. 1999-இல் ஜப்பானும் 2019-இல் தென்கொரியாவும் இரண்டாமிடம் பெற்றன. ஆனால் ஆண்டுதோறும் பத்துப் பன்னிரண்டு நாட்டு இளைஞர்களைச் சந்தித்துத் தன் தரத்தை அளந்துகொள்ளும் வாய்ப்பை இழந்தவை, தகுதிச் சுற்றிலேயே தங்கிவிட்ட நாடுகள். இந்தியா அவற்றுள் ஒன்று. ஏழு முறை வென்ற பர்மாவுக்கும் அதன்பின் ஒரு பட்டமும் இல்லை.

பரிசின் மதிப்பு ஏற ஏற வயது பற்றிய ஐயமும் ஏறியது. 1988-இல் வயது மீறிய ஆட்டக்காரர்களை இளையோர் அணியில் ஆடச்செய்ததற்காக மெக்சிகோ எல்லாச் சர்வதேசப் போட்டிகளிலிருந்தும் இடைநிறுத்தப்பட்டு, 1990 உலகக் கோப்பையையே இழந்தது. இன்று பதினேழு வயதுக்குட்பட்டோர் போட்டிகளில், மணிக்கட்டைக் காந்த அதிர்வுப் படக்கருவியில் வைத்துப் பார்க்கிறார்கள். முன்கையின் ஆர எலும்பின் கீழ்முனையில், வளரும் பருவத்தில் எலும்புக்கும் அதன் தலைப்பகுதிக்கும் இடையே ஒரு குருத்தெலும்புத் தட்டு இருக்கும். வளர்ச்சி முடியும்போது அது முழுவதும் எலும்பாகிக் கோடு மறைந்துவிடும். அக்கோடு முற்றாக மறைந்திருந்தால் அந்த இளைஞன் பதினேழைக் கடந்தவன் என்று கொள்ளப்படுகிறது. பிறப்புப் பதிவைக் கட்டாயமாக்கிய சட்டம் இந்தியாவில் 1969-இல்தான் வந்தது. 1974-இல் ஆடிய தலைமுறைக்குப் பள்ளியில் சேர்த்தபோது எழுதப்பட்ட தேதியே பெரும்பாலும் பிறந்த தேதி. ஆவணத்தை நம்பிய காலத்துக்கும் எலும்பைக் கேட்கும் காலத்துக்கும் இடையே, இளையோர் ஆட்டம் விழாவிலிருந்து தொழிலாக மாறிய கதை முழுவதும் அடங்கியிருக்கிறது.

2001 பிப்ரவரி 28 அன்று கோலார் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டன. நந்திதுர்க்கின் தொழிலாளர் குடும்பங்கள் பல லைன் வீடுகளிலேயே தங்கிவிட, அவர்களின் பிள்ளைகள் விடியலுக்கு முன் மாரிக்குப்பம் ரயிலில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்பும் வாழ்க்கைக்குப் பழகினர். மைதானங்களைப் பராமரித்த நிறுவனம் இல்லை. அணி நடத்திய அலுவலகம் இல்லை. ஐந்தாண்டுகள் கழித்து, 2006-இல், ஆசிய இளையோர் போட்டியை இந்தியா முதன்முறையாக நடத்தியபோது கல்கத்தா, ஹௌராவோடு பெங்களூரும் ஆட்டக்களமாயிற்று. நடத்தும் நாடு என்ற முறையில் இடம்பெற்ற இந்திய அணி குழுநிலையிலேயே வெளியேறியது. கல்கத்தாவில் நடந்த இறுதியாட்டத்தில் வடகொரியாவும் ஜப்பானும் 1–1 என்று சமன் செய்தன. பழைய விதிப்படி இரண்டு பெயர்களும் பட்டியலில் ஏறியிருக்கும். பெனால்டி உதைகளில் வடகொரியா வென்றது.

2017-இல் பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை இந்தியாவில் நடந்தபோது, கொலம்பியாவுக்கு எதிராக ஜீக்சன் சிங் தலையால் முட்டி அடித்த கோலே இந்தியாவின் ஒரே கோல். அதற்கான மூலை உதையைக் கொடுத்தவர் பெங்களூரில் பிறந்த சஞ்சீவ் ஸ்டாலின். மறு ஆண்டு, பதினாறு வயதுக்குட்பட்டோருக்கான ஆசியப் போட்டியின் காலிறுதியில் தென்கொரியாவிடம் 0–1 என்று தோற்ற இந்திய அணி, உலகக் கோப்பைத் தகுதியை ஒரே ஆட்டத்தில் தவறவிட்டது. இந்த இளைஞர்கள் பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே அகாடமிகளில், அதாவது தங்குமிடமும் பள்ளிப்படிப்பும் பயிற்சியும் சேர்ந்த கால்பந்துப் பள்ளிகளில், சேர்க்கப்பட்டவர்கள். சுரங்க அணியில் ஆடி, பத்தொன்பது வயதில் பெங்களூர் நிறுவனமொன்றின் கண்ணில் படும் பழைய பாதை இப்போது எங்கும் கொண்டுசேர்ப்பதில்லை. நந்திதுர்க்கில் இன்று பந்தை உதைக்கும் பையனைப் பதின்மூன்று வயதுக்குள் யாராவது வந்து பார்க்கவேண்டும். பார்ப்பவர்கள் பெங்களூரில் இருக்கிறார்கள், ரயில் மாலையில்தான் திரும்புகிறது.